பதில் தெரிந்த கேள்வியைக் கேட்காதவள்

மாடி அறையைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் கேட்பார்கள். தண்ணீர் வருமா, கரண்டுக்குத் தனி மீட்டரா, ஊரிலிருந்து ஆட்கள் வந்தால் தங்கலாமா. இவள் அறைக்குள் போய் ஜன்னலைத் திறந்து பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இதுக்கு முன்னாடி இருந்தவுங்க ஏம்மா காலி பண்ணிட்டுப் போனாங்க?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாடகைக்கு விடுகிறவளிடம் கேட்கிற கேள்வியா அது? வேறு யாராவது கேட்டிருந்தால், நான் முழிக்கிறதைப் பார்த்து, "சரி விடுங்க, வேலை மாத்தலா இருக்கும்" என்று அவர்களே ஒரு பதிலையும் சொல்லி என்னைக் காப்பாற்றியிருப்பார்கள். எனக்கு அப்படிப்பட்டவர்களோடுதான் பழக்கம். நான் வாய் திறப்பதற்குள் என் பங்கையும் சேர்த்து அவர்களே பேசிவிடுவார்கள். எனக்கும் அது சௌகரியம். இவள் பேசாமல் நின்றாள். முறைக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி நின்றாள்.

"கோடையில தண்ணி மேல ஏறாது" என்றேன் கடைசியில்.

"அவ்வளவுதானா? நான் கீழேர்ந்து தூக்கிக்கிறேன்" என்று பையை இறக்கி வைத்தாள்.

சிதம்பரத்தில் கீழ வீதிக்குப் பின்னால் எங்கள் வீடு. வீட்டுக்காரர் போன பிறகு நான் தனி. மாடியில் ஒருவர் குடியிருந்தால் துணையாக இருக்கும் என்று விடுவேன். பலர் வந்தார்கள், போனார்கள். பேர்கூட மறந்துவிட்டது. இவளுடைய பேர் மறக்கவில்லை. ஆனால் சொல்லப் போவதில்லை. பேரைச் சொன்னால், "என் பேரு இதுல எதுக்கும்மா?" என்று போன் பண்ணிக் கேட்பாள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பாள். அதை என்னால் தாங்க முடியாது. இப்போது எங்கோ வடக்கே ஒரு பெரிய காலேஜில் பாடம் நடத்துகிறாள்.

சொந்த ஊர் காடாம்புலியூர். அப்பாவுக்கு முந்திரித் தோப்பு. பண்ருட்டியில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிற வேலை பார்த்துக்கொண்டே மேல்படிப்புப் படித்தவள். தாலி கட்டுகிற இடம் வந்தால் பின்னால் எந்தப் பாட்டுப் போடுவது, மாமனார் கொட்டாவி விடுவதை எப்படி எடுத்துப்போடுவது என்றெல்லாம் வேடிக்கையாகச் சொல்வாள். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, சினிமாவைப் பற்றி பி.எச்.டி. பண்ண இங்கே பல்கலைக்கழகத்துக்கு வந்தாள். வரும்போது முப்பது வயதைத் தாண்டியிருக்கும்.

அவளிடம் இருந்தது ஒரே ஒரு குணம்தான். மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்தது. பதில் தெரிந்த கேள்வியை அவள் கேட்கவே மாட்டாள்.

இது சின்ன விஷயம் என்று நினைக்கக் கூடாது. நாம் ஒரு நாளில் கேட்கிற கேள்வியில் முக்கால்வாசி பதில் தெரிந்ததுதான். கூடையோடு போகிறவளைப் பார்த்து, "மார்க்கெட்டுக்கா?" என்போம். ஈரத் தலையோடு நிற்கிறவளிடம், "குளிச்சாச்சா?" என்போம். அது கேள்வி இல்லை, உன்னைப் பார்த்துவிட்டேன் என்று சொல்கிற விதம். இவளுக்கு அது வரவே வராது. அதனால் தெருவில் கெட்ட பேர்.

எதிர்வீட்டு டெய்லர் சம்சாரம் என்னிடம் வந்து பொருமினாள். "என்னாக்கா உங்க மாடிப் பொண்ணு! வாசல்ல குனிஞ்சு கோலம் போட்டுக்கினு இருக்கேன், 'என்னாக்கா கோலமா'ன்னு ஒரு வார்த்தை கேக்குதா? தாண்டிக்கினு போவுது. படிச்ச திமிரு ஜாஸ்தி."

நான் அதை இவளிடம் பக்குவமாகச் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. "கோலம் போடறாங்கன்னு கண்ணுக்குத் தெரியுதேம்மா. என்னாத்தக் கேக்கறது?" என்றாள். ஆனால் மனதில் வைத்துக்கொண்டாள் போல. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டைத் திறந்துகொண்டு போனவள் அங்கே நின்றாள்.

"ஏங்க்கா, ஞாயித்துக்கிழமை மட்டும் ஏன் இவ்வளவு பெரிய கோலம்?"

டெய்லர் சம்சாரம் மாவுக் கையோடு நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து நிறுத்தினாள். இவள் நின்றாள். தெருவில் பால்காரர் போனார், ஒரு வேன் போயிற்று, இவள் நின்றாள்.

"ஞாயித்துக்கிழமைதான் எங்க பொண்ணுக்கு லீவு. துபாய்லேர்ந்து வீடியோல பேசும். வாசலக் காட்டும்மான்னு கேக்கும்" என்றாள் டெய்லர் சம்சாரம். சொல்லும்போதே முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அன்றிலிருந்து இவளைப் பற்றி யாராவது ஒன்று சொன்னால் சண்டைக்கு வருகிற முதல் ஆள் அவள்தான்.

எல்லாக் கேள்வியும் இப்படி நல்லபடியாக முடியும் என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் அடுப்பங்கரையில் எனக்குக் கத்தரிக்காய் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொத்சுக்கு. எங்கள் வீட்டுக்காரர் படத்தில் மாலை வாடியிருப்பதைப் பார்த்தவள், என்னைப் பார்த்து, "அவரு போனப்ப உங்களுக்குக் கொஞ்சம் நிம்மதியாவும் இருந்துச்சாம்மா?" என்று கேட்டாள். என் கூடப் பிறந்தவர்கள் கேட்டதில்லை. என் பிள்ளைகள் கேட்டதில்லை. நான் அன்று அவளோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அதற்கடுத்த நாள் துணி உலர்த்துகிற இடத்தில் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது எனக்கும் அவளுக்கும். ஆனால் சொன்ன பிறகு, அந்தப் படத்துக்கு நான் மாலை போடுகிற விதம் மாறிவிட்டது.

அவளுடைய படிப்பு என்னவென்று எனக்குப் புரிய நாளாயிற்று. சினிமாவில் படிக்க என்ன இருக்கிறது என்று நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"இது வேற மாதிரிப் படம்மா. இன்டராக்டிவ்னு சொல்லுவாங்க. படம் ஓடிக்கிட்டே இருக்கும். நடுவுல ஒரு எடத்துல நின்னு உங்களக் கேக்கும், இப்ப இந்தப் பொண்ணு என்ன செய்யணும்னு. நீங்க எதச் சொல்றீங்களோ அந்தப் பக்கம் கதை போவும்."

"அப்போ படம் எடுத்தவனுக்கே கதை தெரியாதா?"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்கப்பாவும் இதேதான் கேட்டாரு."

பி.எச்.டி. என்றால் பெரிய புத்தகம் எழுதுவது என்றுதான் நினைத்திருந்தேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வி வேண்டுமாம். ஒரே ஒரு கேள்வி. அதைச் சரியாக வார்த்தைப்படுத்தி, பெரிய வாத்தியார்கள் உட்கார்ந்திருக்கிற குழுவின் முன்னால் வைத்து, அவர்கள் சரி என்று சொன்னால்தான் மற்றதெல்லாம். இவள் ஏற்கெனவே ஒரு தடவை தவணை வாங்கியிருந்தாள். ஆனித் திருமஞ்சனம் முடிந்த கையோடு குழு கூடுகிறது. அப்போதும் கேள்வி தேறவில்லை என்றால் பதிவு ரத்து. பண்ருட்டி ஸ்டூடியோவில் பழைய நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, போய் மாமனார் கொட்டாவியை வெட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்று சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு கண் வரைக்கும் ஏறாது.

மொட்டை மாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதுதான் அவளுக்குக் கரும்பலகை. சாக்பீஸால் அதன் வயிற்றில் ஒரு கேள்வியை எழுதுவாள். எட்ட நின்று பார்ப்பாள், கிட்டப் போய்ப் பார்ப்பாள். பிறகு ஈரத் துணியால் துடைத்துவிடுவாள். நான் வற்றல் காயவைக்கப் போகும்போது எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான்; ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் சில நாள் அவள் துடைத்தே விடுவாள்.

"இருடி, முடிக்கல."

"வேணாம்மா. இது அகராதியப் பாத்தாலே தெரிஞ்சிரும்."

ஒரு நாள், 'கதை யாருக்குச் சொந்தம்?' என்று எழுதியிருந்தது. எனக்கு நன்றாக இருப்பதாகப் பட்டது. அவளோ உதட்டைப் பிதுக்கினாள். "கடலையே வளைக்கப் போற வலைம்மா இது. ஒரு மீனும் நிக்காது."

அவளுடைய கைடு ஒரு தடவை வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர். இவள் படிப்பு பாழாகிவிடுமோ என்று இவளைவிட ஜாஸ்தி கவலைப்பட்டவர் அவர்தான். நான் காபியைக் கொடுத்துவிட்டு அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

"இங்க பாரும்மா, கேள்வின்னா கைக்குள்ள அடங்கணும். நான்தான் அழகா ஒண்ணு குடுத்திருக்கேனே. இந்த மாதிரிப் படம் பாக்கறவங்களுக்குப் புடிச்சிருக்கா, இல்லையா? நூறு பேருக்குப் படத்தப் போடு, பதில வாங்கு, எழுது, முடி."

"புடிச்சிருக்குன்னுதான் சொல்லுவாங்க சார். ஓசியில படத்தக் காட்டிட்டு மூஞ்சிக்கு நேரா கேட்டா யாரு புடிக்கலைன்னு சொல்லுவா?"

"நல்லதாப் போச்சு! பதிலும் ரெடி."

"பதில் ரெடியா இருக்கறதுக்கு எதுக்கு சார் மூணு வருஷம் தேடணும்?"

சார் சிறிது நேரம் காபியை ஆற்றினார். "எத்தன பேருக்கு கைடா இருந்திருக்கேன். யாரும் என்னைய இப்படிப் படுத்துனதில்ல. ரத்தானா நான் ஒண்ணும் செய்ய முடியாதும்மா, பாத்துக்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவளே சின்னதாக ஒரு படம் எடுத்து வைத்திருந்தாள். அப்பாவின் தோப்பிலேயே, மாமன் பிள்ளைகளை நடிக்க வைத்து எடுத்தது. ஒரு பையன் பக்கத்துத் தோப்பில் திருட்டுத்தனமாகப் பீடி குடிக்கிறான். முந்திரிச் சருகு பற்றிக்கொள்கிறது. மரங்கள் எரிகின்றன. அங்கே கூலி வேலை செய்கிற தோட்டக்காரன் மேல் பழி விழுகிறது. பையன்தான் காரணம் என்று அவனுடைய அக்காவுக்கு மட்டும் தெரியும். தோட்டக்காரனை ஆள்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். அக்கா தள்ளி நிற்கிறாள். அங்கே படம் நிற்கும். அக்கா உண்மையைச் சொல்லட்டுமா, சும்மா இருக்கட்டுமா? இரண்டு வழி. இரண்டுக்கும் தனித்தனிக் கதை எடுத்து வைத்திருந்தாள்.

இதைப் பத்துப் பேர் சேர்ந்து பார்க்கிற மாதிரி எங்கேயாவது போட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். காலேஜ் பிள்ளைகளுக்குப் போட்டால் கைதட்டுவார்களே தவிர வேறொன்றும் தெரியாதாம். நான் பிறந்தது கடலூர்ப் பக்கம் கடற்கரையில் ஒரு மீனவ ஊர். என் தம்பி அங்கே ஊர்ப் பஞ்சாயத்தில் ஒருவன். வேண்டுமானால் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கே ஆச்சரியம்.

கிளம்பிப் போனோம். பஸ்ஸில் சிப்காட் ஆலைகளைத் தாண்டிக் கடலூர் வரும்வரை மடியில் படம் காட்டுகிற எந்திரத்தை வைத்துக்கொண்டு குழந்தையைப் போலப் பிடித்திருந்தாள். வலை பின்னுகிற கூடத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் காட்ட ஏற்பாடு. பொழுது சாய்கிற நேரம். முன்னால் ஆண்கள், நடுவில் பிள்ளைகள், பின்னால் பெண்கள். இவள் எழுந்து சொன்னாள். "படம் ஒரு எடத்துல நிக்கும். உங்களுக்கு எது சரின்னு படுதோ அதுக்குக் கை தூக்குங்க. யாருக்கு ஜாஸ்தியோ அந்தப் பக்கம் கதை போவும்."

படம் ஓடிற்று. நெருப்புப் பிடித்ததும் பிள்ளைகள் கூச்சல். தோட்டக்காரனைச் சூழ்ந்ததும் அமைதி. அக்கா தள்ளி நின்றாள். படம் நின்றது.

ஒரு கையும் எழவில்லை.

"அந்தப் பையனக் கூப்பிடு" என்றார் முன்னால் இருந்த ஒருவர்.

"எந்தப் பையன் மாமா?"

"நெருப்பு வச்சவன். அவன் ஒரு வார்த்தை சொல்லட்டும்."

"அவன் பேச மாட்டான் மாமா. இது படம். ரெண்டே வழிதான்."

"என்னா பாப்பா நீ! ரெண்டு தரப்பையும் விசாரிக்காம எப்பிடி முடிவு சொல்றது? நாளைக்கு ஒரு பேச்சு வந்துச்சுன்னா எங்களத்தான கேப்பாங்க?"

"யாரு மச்சான் வந்து ஒன்னக் கேக்கப்போறான், வேட்டியில இருக்கறவனா?" என்று பின்னாலிருந்து ஒருவன். சிரிப்பு.

"சிரிக்காதடா. படமா இருந்தா படம் பாட்டுக்கு ஓட வேண்டிதான. நம்மள எதுக்குக் கேக்குது? கேட்டுச்சுன்னா மொறையாத்தான் சொல்லணும்."

என் தம்பி தொண்டையைக் கனைத்தான். "பாதிப் பேரு தொழிலுக்குப் போயிருக்கான். அவனுங்க இல்லாம முடிவெடுத்தா செல்லாது. அத்தோட, இத மொதல்ல அப்பன்கிட்டச் சொல்லிக் கண்டிக்கணும். அதுக்கு வழி வைக்கலையா பாப்பா?"

"வைக்கல மாமா" என்றாள் இவள்.

தங்களுக்குள் கூடிப் பேசினார்கள். எந்திரம் சூடாகி விர்ரென்று இரைந்துகொண்டிருந்தது. கடைசியில் என் தம்பி, விசாரிக்க முடியாதபோது வேறென்ன செய்ய என்கிற மாதிரி, 'சும்மா இருக்கட்டும்' என்பதற்குக் கையைத் தூக்கினான். முன்வரிசை முழுக்கத் தூக்கியது. பிறகு நடுவில், பிறகு பின்னால். மறு வழிக்கு ஒரு கை இல்லை. கதை அந்தப் பக்கம் போயிற்று. தோட்டக்காரன் பெண்டாட்டி பிள்ளைகளோடு மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டுப் போகிறான். அக்கா பார்த்துக்கொண்டே நிற்கிறாள். படம் முடிந்தது. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். எல்லாரும் ஒரே பக்கம் கை தூக்கினால் அதில் ஆராய என்ன இருக்கிறது? குழு கூட அதிக நாள் இல்லை. நான் வேட்டியை மடித்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தாள். பெண்கள் சிலர் அடிகுழாயில் குடம் வைத்து நின்றார்கள். நேராக அங்கே போனாள். மீன் கூடை தூக்குகிற ஒருத்தியிடம், "அக்கா, நீங்க ஏன் கை தூக்குனீங்க?" என்று கேட்டாள்.

"எல்லாரும் தூக்குனாங்க, தூக்குனேன்."

இவள் நின்றாள். குடம் நிறைந்தது. அடுத்தவள் குடத்தை வைத்தாள். இவள் நின்றாள்.

"எனுக்குன்னா, அந்தப் பொட்டச்சி நானா இருந்தா, தம்பிக்காரன் கையப் புடிச்சு இஸ்துக்கினு போயி அந்த எரிஞ்ச மரத்துக்கிட்ட நிறுத்துவேன். நீயே சொல்லுடான்னு சொல்லிட்டு, அவன் சொல்ற வரைக்கும் கைய வுடமாட்டேன். அவன் சொல்லிருவான். அழுவான், ஆனா சொல்லிருவான்." படத்தில் இல்லாத கதை. அவள் நேரில் பார்த்தது போலச் சொன்னாள்.

பக்கத்தில் இருந்த பெண் குறுக்கே புகுந்தாள். "அய்ய, அவன் ஓடிப் போயிருவான். நான் கையே தூக்கல தெரியுமா? பாத்தியா நீ?"

"இல்லக்கா. பாக்கல" என்றாள் இவள்.

"எப்பிடிப் பாப்ப? தூக்குனவங்களத்தான எண்ணுன. எங்கதையில அவ ராவோட ராவா தோட்டக்காரனுக்கு ஆளனுப்பிச்சிருவா."

அங்கிருந்த ஒவ்வொருத்தியிடமும் ஒரு கதை இருந்தது. ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. கை தூக்கிய நேரத்தில் எல்லாரும் ஒன்று; மனதுக்குள் ஆளுக்கொரு படம் ஓடியிருக்கிறது. இவள் குழாயடி ஈரத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். எந்திரம் கூடத்தில் கிடக்கிறதே என்ற நினைப்புக்கூட இல்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்க நான்தான் இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. பஸ்ஸில் அவள் முகம் வேறு மாதிரி இருந்தது.

மறுநாள் தண்ணீர்த் தொட்டியில் ஒரு வரி இருந்தது. 'கதை நின்று நம்மைக் கேட்கும்போது கை தூக்காதவர்கள் எந்தக் கதையைப் பார்க்கிறார்கள்?' நான் நிதானமாகப் படித்து முடித்தேன். அவள் துடைக்கவில்லை. சாயங்காலமும் துடைக்கவில்லை. மழை வந்து அழித்ததும் அதே வரியைத் திரும்ப எழுதினாள்.

"இதுக்குப் பதில் உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாதும்மா!" என்றாள். ஏதோ புதையல் கிடைத்த மாதிரி.

குழுவில் நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். படத்தை அக்கா தள்ளி நிற்கிற இடம்வரைக்கும் போட்டுக் காட்டி நிறுத்திவிட்டு, கேள்வியை வைத்தாளாம். நீள மேசைக்கு அந்தப் பக்கம் பெரியவர்கள். ஒருவர் கேட்டாராம், "கை தூக்கறவங்கள எண்ணலாம். தூக்காதவங்கள என்னம்மா பண்ணுவே?"

"கேக்கணும் சார். கேட்டுட்டுக் காத்திருக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியல சார்."

"என்ன பதில் வரும்னு எதிர்பாக்கறே?"

"தெரியல சார்."

கைடு தலையைக் குனிந்துகொண்டாராம். இன்னொருவர், "எதிர்பாக்கற முடிவுன்னு ஒரு பகுதியே இருக்கே, அத எப்படிக் காலியா விட முடியும்?" என்றார். பிறகு தலைவர் இரக்கத்தோடு சொன்னார், "உங்க சார் குடுத்த பழைய தலைப்பு நல்லாத்தான இருக்கு. அதையே எழுதிக் குடுத்துரும்மா. இப்பவே எல்லாரும் கையெழுத்துப் போட்டுர்றோம். இல்லைன்னா ரத்து பண்றதத் தவிர எங்களுக்கும் வழி இல்ல. என்ன சொல்றே?"

பேனாவை நீட்டினார்களாம். வாங்கிக்கொண்டால் படிப்பு பிழைத்துவிடும். நானாக இருந்தால் வாங்கியிருப்பேன்.

அவள் வாங்கவில்லை. மேசையின் கோடியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வேறு டிபார்ட்மென்டிலிருந்து குழுவில் போட்ட சின்ன வாத்தியார். வந்ததிலிருந்து வாய் திறக்கவில்லை. அவரை யாரும் ஒன்றும் கேட்கவும் இல்லை. இவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"சார், நீங்க ஒண்ணும் சொல்லலையே. நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

அவர் திடுக்கிட்டுப் போனார். தலைவரைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். இவள் நின்றாள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவர், "அவரு என்னம்மா சொல்லுவாரு..." என்று ஆரம்பித்தார். கைடுதான் கையைக் காட்டி அவரை நிறுத்தினாராம்.

"மன்னிக்கணும்" என்றார் அந்தச் சின்ன வாத்தியார். "நீங்க எல்லாரும் பேசுனது எனக்குச் சரியா காதுல விழல. அந்த அக்காவையே நெனைச்சிட்டு உக்காந்திருந்தேன். அவ சொல்லவும் மாட்டா, சும்மா இருக்கவும் மாட்டா. நேரா அந்தத் தோட்டக்காரர் வூட்டுக்குப் போயி அவரு பொண்டாட்டி பக்கத்துல உக்காந்துக்குவா. வாயே தொறக்க மாட்டா. அவ உக்காந்திருக்கறதப் பாத்தே அவுங்களுக்குப் புரிஞ்சிரும்."

பிறகு தலைவர்தான் முதலில் சிரித்தாராம். காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, அவள் கேள்வியை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டு, நீட்டிய பேனாவால் தானே கையெழுத்துப் போட்டார். கோடியில் இருந்தவர் கடைசியாகப் போட்டார்.

வெளியே வரும்போது கைடு நெற்றியைத் துடைத்துக்கொண்டே கேட்டாராம், "ஏம்மா, அந்த மனுஷன் வாயே தொறக்காம இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"இன்னும் அங்கதான் சார் நின்னுக்கிட்டு இருப்பேன்."

சார் விழுந்து விழுந்து சிரித்தாராம். அவர் எதற்குச் சிரித்தார் என்று அவளுக்குப் புரியவில்லை. பையை இறக்காமல், என் அடுப்பங்கரை வாசலுக்கு வந்து, "சார் ஏம்மா சிரிச்சாரு?" என்று என்னிடம் கேட்டாள். கேட்டுவிட்டு நின்றாள்.